‘ஓடாமலே கொடுத்துவிடலாமே’ என்பவர்களுக்கு

மாரத்தான் ஓடப் போகிறேன், புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டுகிறேன், முடிந்ததைக் கொடுங்கள் என்று ஒருவர் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ கேட்டுப் பார்க்கட்டும். முதல் நூறு ரூபாய் வருவதற்குள் ஒரு கேள்வி வந்து நிற்கும்: “நல்ல காரியம்தான் சார். அதுக்கு எதுக்கு ஓடணும்? அந்தப் பணத்தை நேரா கொடுத்துட்டுப் போலாமே?” கேட்டவர் முகத்தில் ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி. பக்கத்தில் இருப்பவர், “எல்லாம் ஃபோட்டோ போடத்தான்” என்று முடித்துவைப்பார். எழுதத் தெரிந்தவர்கள் இதையே கஞ்சி போட்டுத் தேய்த்து எழுதுகிறார்கள்: நடுத்தர வர்க்கம் தன் உடற்பயிற்சி மோகத்துக்குத் தர்மம் என்று பெயர் வைத்துக்கொள்கிறது, வலியைக் காட்டிக் காசு கேட்பது அநாகரிகம், மருத்துவமனை கட்டுவது அரசின் வேலை, அதை ஓட்டக்காரர்கள் தலையில் சுமத்தக் கூடாது.

இவற்றில் ஒன்றே ஒன்றில் பாதி நியாயம் இருக்கிறது. செலவு பற்றி இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு; அது முழுக்க நியாயமானது, ஆனால் தவறான ஆள்மேல் பாய்கிறது. இரண்டுக்கும் பிறகு வருகிறேன். அந்த முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது வெறும் கணக்குப் பிழை.

“அந்தப் பணம்” என்று சொல்கிறீர்களே, எந்தப் பணம்? ஓடுகிறவரின் சட்டைப்பையில் இருப்பது என்று நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அவர் இங்கே கொடையாளி அல்ல, வசூலிப்பவர். அவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகும் பணம் இந்த நிமிடம் உங்கள் கணக்கில் இருக்கிறது, என் கணக்கில் இருக்கிறது, அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் கணக்கிலும் பழைய கல்லூரித் தோழர்கள் கணக்கிலும் இருக்கிறது. அவர் ஓடாவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும். ஒரு சனிக்கிழமை இரவு பிரியாணியாக மாறும். நேரே கொடுப்பதற்கு நம்மில் யாருக்கும் என்றைக்கும் தடை இருந்ததில்லை. முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954லிருந்து சென்னையில்தான் இருக்கிறது. அந்த வழியாக ஆயிரம் முறை போயிருக்கிறோம். “நேரா கொடுத்துட்டுப் போலாமே” என்ற கேள்வியை ஓடுகிறவரிடம் கேட்பவர், தன்னிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

மனிதர்கள் கொடுப்பது, தேவை இருக்கிறது என்று தெரிந்துகொண்டதால் அல்ல. தேவை எல்லோருக்கும் எப்போதும் தெரியும். தெரிந்த ஒருவர் வந்து கேட்பதால்தான் பெரும்பாலும் கொடுக்கிறோம். சிக்கல் என்னவென்றால், கேட்பது கூச்சமான காரியம். சும்மா போய் நின்று “புற்றுநோய் நிதிக்கு ஐந்நூறு கொடுங்கள்” என்று நண்பரிடம் கேட்க நமக்கு நா எழாது. எழுந்தாலும் ஒருமுறைதான் எழும். கேட்பதற்கு ஒரு முகாந்திரம் வேண்டும். கேட்கிறவர் தன் பங்குக்கு ஏதோ ஒன்றை வைத்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று கேட்கப்படுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இது நமக்குப் புதிதா என்ன? வேண்டுதலுக்காக மடிப்பிச்சை எடுக்கிற குடும்பங்களை ஊருக்கு ஊர் பார்த்திருக்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பெண்மணி முந்தானையை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்குவார். “உன் வீட்டில் இல்லாத அரிசியா, உன் பணத்தையே உண்டியலில் போடேன்” என்று எந்த வீட்டு வாசலிலும் யாரும் சொன்னதில்லை. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போகிற காவடிகளைப் பார்த்து “பஸ்ஸில் போனால் முருகன் கோபித்துக்கொள்வானா?” என்று கேட்டவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதும் தெரியும். அங்கே பலன் நடப்பவருக்கு, இங்கே பலன் முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்கு. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் ஓட்டக்காரருக்குச் சலுகை கூடத்தான் வேண்டுமே தவிர, குறையக் கூடாது.

இந்த முகாந்திரத்தை ஒரு முறையாகவே ஆக்கிக்காட்டியவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் கிளீலண்ட். அவருடைய சின்ன மகளுக்கு ரத்தப் புற்றுநோய். 1988இல் 38 பேரைச் சேர்த்துக்கொண்டு, பயிற்சி எடுக்கவைத்து, நியூயார்க் மாரத்தானில் ஓடவைத்தார். 3,22,000 டாலர் திரண்டது. அதிலிருந்து ரத்தப் புற்றுநோய்ச் சங்கத்தின் ‘டீம் இன் டிரெயினிங்’ திட்டம் பிறந்தது. ஒப்பந்தம் எளிமையானது. நாங்கள் பயிற்சியாளர் தருகிறோம், அட்டவணை தருகிறோம், கூட ஓட ஆள் தருகிறோம். நீ நிதி திரட்டித் தா. ஓடவே தெரியாத ஆயிரக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே, 1989இல், பாஸ்டன் மாரத்தானும் அறநிறுவனங்களுக்கென்று இடம் ஒதுக்கத் தொடங்கியது. தகுதி நேரத்தில் ஓடி இடம்பிடித்த வேகக்காரர்களில் சிலர் ‘நடந்து வருகிறவர்களுக்கெல்லாம் இடமா’ என்று அன்றிலிருந்து முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

அந்த 38 பேரிடமும் “ஓடாமல் நேரே கொடுங்கள்” என்று சொல்லியிருந்தால் ஆளுக்கு நூறு டாலர் கொடுத்திருப்பார்கள். 3,800 டாலர். மீதியை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டன் கணக்கு இதைவிடப் பெரியது. 1981இல் தொடங்கிய லண்டன் மாரத்தானில் 2024ஆம் ஆண்டு ஒரே நாள் ஓட்டத்தை முன்னிட்டு அறப்பணிகளுக்குத் திரண்டது 7.35 கோடி பவுண்டு. இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும்: அங்கே குலுக்கலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, 2026ஆம் ஆண்டு ஓட்டத்துக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், இடம் கிடைக்காதவர்கள்தான் அறநிறுவனத்தின் வழியாக நுழைகிறார்கள், 2,000 பவுண்டு போலத் திரட்டித் தருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இது தர்மமா, நுழைவுச்சீட்டு பேரமா? பேரம்தான். அதில் என்ன குறை? ஓட வேண்டும் என்ற ஆசை எப்படியும் இருக்கிறது. அந்த ஆசையைப் பிடித்து ஒரு நல்ல காரியத்தின் வண்டியில் பூட்டியிருக்கிறார்கள். மருந்து வாங்கிய காசு சுத்தமான நோக்கத்தோடு வந்ததா, கலப்பட நோக்கத்தோடு வந்ததா என்று நோயாளியின் ரத்தத்துக்குத் தெரியாது.

அடுத்தது விளம்பர மோகம் என்ற குற்றச்சாட்டு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று பைபிள் வாக்கை எடுத்து வீசுவார்கள். அந்த விதி கொடுப்பவருக்கு. கேட்பவருக்கு அந்த விதியைப் போட்டால் அவர் எப்படிக் கேட்பார்? மறைந்துகொண்டு யாரும் வசூலித்ததில்லை. காந்தி 1933 நவம்பரில் தொடங்கி ஒன்பது மாதம் ஹரிஜன நிதிக்காக நாடு முழுக்கச் சுற்றினார். ஏறத்தாழ 12,500 மைல் பயணம், ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய் வசூல். தமிழ்நாட்டுக்கும் வந்தார். கையெழுத்துக் கேட்டவர்களிடம் ஐந்து ரூபாய் வாங்கினார். பெண்களிடம் வளையலைக் கழற்றித் தரச் சொன்னார். ஒரிசாவுக்குப் போனதும் ரயிலையும் காரையும் விட்டுவிட்டுக் கால்நடையாகவே கிளம்பினார். ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஜி.டி. பிர்லா. ‘எதற்கு இந்த வயதில் நடை? பிர்லாவிடம் ஒரு காசோலை வாங்கினால் முடிந்ததே’ என்று நம் வாட்ஸ்அப் அறிஞர் அன்றைக்கு இருந்திருந்தால் கேட்டிருப்பார். காசோலை வந்திருக்கும். ஆனால் அந்தச் சுற்றுப்பயணத்தில் ஓரணாவும் இரண்டணாவும் போட்ட லட்சக்கணக்கானவர்கள் தீண்டாமை பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வீட்டில் இருந்திருப்பார்கள்.

படம் போடுகிறார்கள் என்பது உண்மை. பதக்கத்தைக் கடித்துக்கொண்டு போடுகிற படம் எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்தப் படம் ஒரு நாள் சமாச்சாரம். அதற்கு முந்தைய நான்கைந்து மாதத்தை யாரும் படம் பிடிப்பதில்லை, பிடித்தாலும் யாரும் பார்ப்பதில்லை. விமர்சகர்களுக்கு அந்த மாதங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான் அவர்கள் வாதத்தின் பெரிய ஓட்டை. ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். முதல்முறை ஓடுகிறவருக்கான அட்டவணை வழக்கமாகப் பதினாறிலிருந்து இருபது வாரம். வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள் ஓட்டம்; அதில் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதை எல்லோரும் ‘லாங் ரன்’ என்பார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் ஒன்றிரண்டு ஏற்றி, இடையிடையே இறக்கி, கடைசியில் முப்பது, முப்பத்திரண்டு வரை கொண்டுபோவார்கள். பிறகு இரண்டு மூன்று வாரம் குறைத்துக்கொண்டு உடம்புக்கு ஓய்வு கொடுப்பார்கள். இதைக் குறுக்கு வழியில் செய்ய முடியாது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பையும் தசையையும் இணைக்கிற தசைநார்கள் அவ்வளவு சீக்கிரம் பழகாது. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தை அவசரமாக ஏற்றுகிறவர்களுக்குத்தான் முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ளும், கெண்டைக்கால் எலும்பு வலிக்கும், காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அடித்தது போலிருக்கும். உடம்பு சேமித்துவைத்திருக்கும் சர்க்கரைச் சத்து முப்பது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் தீர்ந்துபோகும். ஓட்டக்காரர்கள் அதைச் ‘சுவர்’ என்கிறார்கள். பயிற்சி இல்லாமல் அந்த இடத்தைச் சமாளிக்க எந்தப் பணக்காரராலும் முடியாது.

சென்னைக்காரருக்கு இதில் தனிச் சோதனை. இங்கே மாரத்தான் ஜனவரியில். ஆகவே பயிற்சி செப்டம்பர் புழுக்கத்தில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, மார்கழியில் முடியும். காற்றில் ஈரம் அதிகமென்றால் வியர்வை உலராது, உலராவிட்டால் உடம்பு குளிராது. விடிந்த பிறகு ஓடினால் தாங்காது என்பதால் நாலு மணிக்கு எழ வேண்டும், நாலரைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ பெசன்ட் நகரிலோ இருக்க வேண்டும். நாய்கள் துரத்தும். உப்பு இறங்கித் தலைசுற்றும். சனிக்கிழமை இரவுக் கல்யாண வரவேற்பில் ஒன்பது மணிக்கே எழுந்து போகிறவரை உறவுக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அங்கேதான் கேள்வி வரும்: “ஏன்ப்பா இப்படி இளைச்சுப் போயிட்ட?” அவர் காரணத்தைச் சொல்வார். எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எதற்குப் பணம் என்று சொல்வார். சித்தப்பா ஆயிரம் ரூபாய் எடுத்து நீட்டுவார். நிதி திரள்வது ஓட்ட நாளில் இல்லை. திரள்வது இப்படி நான்கைந்து மாதப் பேச்சில், ஒவ்வொரு ஆளாக, சாப்பாட்டு மேசையிலும் லிஃப்ட்டிலும் டீக்கடையிலும். ஒருமுறை உண்டியலில் போடுவதற்கு இந்த நீளம் கிடையாது. நீண்ட பயிற்சி நீண்ட கோரிக்கையாகவும் இருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டத்துக்கு யாரும் நிதி திரட்டாததற்கு இதுதான் காரணம்.

‘அந்த நேரத்தில் கூடுதலாக வேலை பார்த்து அந்தச் சம்பளத்தைக் கொடுத்தால் இன்னும் அதிகம் சேருமே’ என்று கணக்கில் புலிகளான சிலர் சொல்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணிக்கு ஓவர்டைம் கொடுக்கிற அலுவலகம் எது என்று சொன்னால் நானும் விண்ணப்பிக்கிறேன்.

இனி டெர்ரி ஃபாக்ஸ். இந்த விவாதத்தில் அவரைத் தாண்டிப் போக முடியாது. ‘ஓடாமலே கொடுத்துவிடலாமே’ கட்சி அவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

கனடாக்காரர். 1977இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை முழங்காலுக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவு, ஒற்றைக் காலோடு நியூயார்க் மாரத்தான் ஓடிய ஒருவரைப் பற்றிய கட்டுரையைப் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர் கொண்டுவந்து கொடுத்தார். சிகிச்சையின்போது வார்டில் பார்த்த குழந்தைகளின் நிலை இவரை விடவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போதிய பணம் இல்லை என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. மாணவர், கையில் காசு இல்லை. “நேரே கொடு” என்றால் எதைக் கொடுப்பார்?

1979இல் பயிற்சியைத் தொடங்கினார். அன்றைய செயற்கைக் கால் ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல. அந்தக் கால் நிலத்தில் பட்டதும் நல்ல காலால் ஒரு துள்ளல் சேர்த்துத் துள்ள வேண்டும். வெட்டிய இடத்தில் தோல் உரியும், ரத்தம் வரும். கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கப் போகிறேன் என்பதை வீட்டில்கூட முதலில் சொல்லவில்லை, மாரத்தானுக்கு என்று சொல்லித்தான் ஓடினார். ஒரு பந்தயத்தில் கடைசியாக வந்தார். சொன்ன பிறகு அம்மா பைத்தியக்காரத்தனம் என்றார். 101 நாள் இடைவிடாமல் ஓடிவிட்டு, அம்மா கேட்டுக்கொண்டதற்காகக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் ஓடாமல் இருந்தார். பதினான்கு மாதம் பயிற்சி. அந்தப் பதினான்கு மாதத்தில் எந்தக் கேமராவும் அவர் பின்னால் வரவில்லை.

1980 ஏப்ரல் 12 அன்று அட்லாண்டிக் கடலில் காலை நனைத்துவிட்டு நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து புறப்பட்டார். தொடக்க நாள்களில் பனிக்காற்று, வெறிச்சோடிய சாலை, சில்லறை வசூல். கியூபெக்கில் பிரெஞ்சு தெரியாததால் பல இடங்களில் இவர் யார் என்றே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்பே போர்ட்-ஓ-பாஸ்க் என்ற சிற்றூர், ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வசிக்கும் ஊர், பத்தாயிரம் டாலர் திரட்டிக் கொடுத்திருந்தது. கனடியர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் என்ற எண்ணம் அங்கிருந்துதான் உறுதிப்பட்டது. ஒன்டாரியோவில் கூட்டம் அலைமோதியது. தன் பெயரை வைத்து எந்த நிறுவனமும் பொருள் விற்கக் கூடாது, தனக்கு ஒரு காசு வேண்டாம் என்பதில் கடைசிவரை பிடிவாதம். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே அருகே நின்றுபோனார். புற்றுநோய் நுரையீரலுக்கு வந்துவிட்டிருந்தது. நாட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் கடந்திருந்தார். அடுத்த வாரம் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் 1.05 கோடி டாலர் சேர்ந்தது. 1981 பிப்ரவரிக்குள் மொத்தம் 2.417 கோடி; கனடாவின் அன்றைய மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுதான். அந்த ஜூன் மாதம் இறந்தார். இருபத்து மூன்று நிறையவில்லை.

அவர் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டங்கள் இதுவரை 85 கோடி கனடிய டாலருக்கு மேல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் திரட்டியிருக்கின்றன. கனடாவின் ஸ்கார்பரோவில் பிள்ளை வளர்க்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் கேளுங்கள், செப்டம்பரில் பள்ளியிலிருந்து டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்துக்கான துண்டுச்சீட்டு வீட்டுக்கு வரும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அவர் பெயரால் ஓடியிருக்கிறார்கள். அவருக்கு வந்த எலும்புப் புற்றுநோய் இன்று வருகிற பலருக்குக் காலை வெட்டாமலே சிகிச்சை செய்ய முடிகிறது. அது முழுக்க அவரால் வந்தது என்று சொன்னால் மிகை. அந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் யாரோ ஒருவர் பணம் கேட்டாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வலியைக் காட்டிக் காசு கேட்பது அநாகரிகம் என்பவர்களுக்கு ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். கிறிஸ்டோஃபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டது. நன்கொடைக்காக ஒரு விருந்தில் கலந்துகொள்வதா, நெடுந்தூரம் ஓடுவதா என்று தனித்தனிக் குழுக்களிடம் கேட்டபோது, ஓட வேண்டியிருந்தவர்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். பனிக்கட்டித் தண்ணீரில் கையை விட வேண்டியிருந்தவர்களும் அப்படியே. இன்னொன்றும் தெரிந்தது. பூங்கா அமைப்பது போன்ற இன்பமான காரியத்துக்கு இந்த விளைவு மங்கிவிடுகிறது. மனிதத் துயர் துடைக்கும் காரியத்துக்குத்தான் பலமாக இருக்கிறது. துயரப்படுகிறவருக்காகத் தானும் கொஞ்சம் கஷ்டப்பட்டுக் கொடுப்பதில் மனிதர்கள் ஏதோ ஒரு பொருத்தத்தைக் காண்கிறார்கள். இது அநாகரிகம் என்றால், சாவு வீட்டில் சாப்பிடாமல் இருப்பதும் அநாகரிகம்தான்.

‘கேப்டன் டாம் கதை தெரியாதா?’ என்று மடக்குவதாக நினைத்து ஒருவர் கேட்பார். தெரியும். அவருக்குத்தான் சரியாகத் தெரியாது. 2020 ஏப்ரலில், நூறாவது பிறந்தநாளுக்கு முன், இங்கிலாந்தில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவத்தினர் நடைதாங்கியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் 25 மீட்டர் தூரத்தை நூறு முறை நடந்தார். ஆயிரம் பவுண்டு இலக்கு. வரிச்சலுகையோடு சேர்த்து 3.89 கோடி பவுண்டு வந்தது. அவர் பெயரில் பிறகு தொடங்கிய அறக்கட்டளையைக் குடும்பத்தினர் நடத்திய விதத்தில் முறைகேடு என்று அந்நாட்டு அற ஆணையம் 2024 நவம்பரில் கண்டித்தது. ஆனால் நடந்து திரட்டிய பணம் அந்த அறக்கட்டளைக்குப் போகவே இல்லை. தேசிய மருத்துவ சேவையின் அறநிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கிழவர் நடந்த நடையில் குற்றம் இல்லை. பின்னால் வந்த நிர்வாகத்தில் குற்றம்.

இப்போது, முழுக்க நியாயமான அந்தக் குற்றச்சாட்டு. செலவு. கிளிமஞ்சாரோ ஏறுகிறேன், சீனப் பெருஞ்சுவரில் நடக்கிறேன் என்று நிதி கேட்டு, திரண்டதில் ஒரு பங்கை விமான டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் எடுத்துக்கொள்கிற ஏற்பாடுகள் மேல்நாட்டில் உண்டு. அதைக் கொடுப்பவரிடம் தெளிவாகச் சொல்லாவிட்டால் அது ஊரார் காசில் சுற்றுலா. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஷூ, நுழைவுக் கட்டணம், பயணம் எல்லாம் ஓடுகிறவர் கைக்காசாக இருக்க வேண்டும்.

அதேபோல் நம் ஊரில் வாரம் தவறாமல் நடக்கிறதே ‘விழிப்புணர்வு ஓட்டம்’, அதைப் பாருங்கள். மூன்று கிலோமீட்டர், ஒரே நிறத்தில் டி-ஷர்ட், கொடியசைக்க ஒரு பிரமுகர், அவர் கொடியசைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். கட்டணம் நிகழ்ச்சி நடத்துகிற கம்பெனிக்கு. எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு போனது என்று யாரும் அறிவிப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. எல்லா நாளிதழ்களிலும் படம் வரும். ஐந்து மாதம் பயிற்சி எடுத்து, தன் செலவில் ஓடி, ரசீதோடு பணம் சேர்க்கிற தனி மனிதரிடம்தான் நம் சந்தேகமெல்லாம் விழித்துக்கொள்கிறது. தைரியமிருந்தால் அந்தச் சந்தேகத்தை மேடையில் கொடியோடு நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பாதி நியாயமான வாதம்: அரசு செய்ய வேண்டியதை மக்கள் ஏன் ஓடித் திரட்ட வேண்டும்? அரசு செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திரட்டுவதால் அரசு தப்பித்துக்கொள்கிறது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இலங்கையில் போர் முடிந்த இரண்டே ஆண்டில், 2011 ஜூலையில், ‘ட்ரெயில்’ என்ற பெயரில் ஒரு நெடுநடை நடந்தது. தெற்கு முனையான தெவிநுவரையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 670 கிலோமீட்டர், 27 நாள். வடக்கில் புற்றுநோய்க்கு முழுமையான சிகிச்சை வசதி இல்லாமல் நோயாளிகள் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்துக் குடும்பம் வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்க வேண்டும். அந்த நடையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் சேர்ந்து நடந்தார்கள். ஊர் ஊராக உண்டியலில் போட்டவர்களும் உண்டு, பெரிய நிறுவனங்களும் கொடுத்தன. அந்தப் பணத்தில் வடக்கின் தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அது தனியார் மருத்துவமனை ஆகவில்லை. அரசு வைத்தியசாலையோடு சேர்ந்து, அரசின் வைத்தியர்களோடும் தாதியரோடும் இயங்குகிறது. கட்டடத்தை மக்கள் கொடுத்த பிறகு, அதை நடத்தாமல் இருக்க அரசால் முடியவில்லை. 2016இல் அதே நடை திசை மாறியது: பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி, காலியின் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. வடக்குக்காகத் தெற்கு நடந்தது, பிறகு தெற்குக்காக வடக்கிலிருந்து நடந்தார்கள். இரண்டு காசோலைகள் பரிமாறியிருந்தால் இது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆகவே, அடுத்த முறை யாராவது கேட்டால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த நிறுவனத்துக்கு? பணம் நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போய் வரிச்சலுகைக்கான ரசீது வருமா, உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கா? உங்கள் ஓட்டச் செலவு யாருடையது? பதில் திருப்தியாக இல்லையென்றால் கொடுக்காதீர்கள். திருப்தியாக இருந்தும் இந்த மாதம் முடியாதென்றால் முடியாது என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கொடுப்பதானால் “முதல்ல ஓடி முடி, அப்புறம் தர்றேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். பயிற்சியில் அடிபட்டுத் தொடக்கக் கோட்டுக்கே வர முடியாமல் போகிறவர்கள் நிறையப் பேர், மருத்துவமனைக்கு வேண்டியதோ அவர்களுடைய பதக்கம் அல்ல. அவர் பயிற்சியில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.